ஊருக்குத் தெரியாமல் ஒரு வியாதி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஒரு வருஷமாக யோசனை. கடைசியில் என் தங்கை மகள்தான் தைரியம் சொன்னாள். "எழுதுங்க பெரியம்மா. ஆனா நீங்க செஞ்ச தப்பையும் சேர்த்து எழுதணும். சம்மதமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சம்மதம் என்றேன். அவள் பெயர் வேண்டாம். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி குட்டி என்றே எழுதுகிறேன்.

தங்கை குடும்பம் விருத்தாசலத்தில். நாங்கள் சென்னையில். 2022-ல் குட்டி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம். பெண் வெளுத்துக்கொண்டே வந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மாதவிலக்கு வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காமல் போகும். "வயசுப் பொண்ணு, சரியாச் சாப்பிடறதில்லை, ரத்தசோகைதான்" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். பக்கத்தில் காட்டிய டாக்டரும் இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, பீட்ரூட் சாறு என்று ஒரு மாதம் ஓடியது.

ஒரு நாள் காலை பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கால் முழுக்க நீலநீலமாகக் கன்றியிருந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள், பிளேட்லெட் என்கிறார்களே, அவை ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குட்டிக்கு 18,000தான் இருந்தது. அன்று ராத்திரியே வண்டி பிடித்துச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, "ரத்தப் புற்றுநோய்" என்றார். எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சி அடையாத வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகி, மற்ற அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றனவாம். அதனால்தான் வெளுப்பு, அதனால்தான் ரத்தப்போக்கு. தங்கை நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நிமிஷம் எனக்குக் குட்டியின் முகம்தான் முதலில் கண்ணில் நின்றது என்று எழுதினால் அது பொய். என் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நல்ல இடம் கூடி வரும் போலிருந்தது. "அந்தக் குடும்பத்தில் கேன்சர் இருக்காமே" என்று ஒரு வார்த்தை வெளியில் போனால் என்ன ஆகும்? என் மனசு அங்கேதான் முதலில் ஓடியது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது ஒட்டிக்கிற வியாதி இல்லை. பெரும்பாலும் பரம்பரையா வர்றதும் இல்லை. நீங்க சமைச்சது, அவ சாப்பிட்டது எதுவும் காரணம் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இது வந்தா, வசதியான நாடுகள்ல பத்துப் பேர்ல ஒன்பது பேர் வரைக்கும் பிழைச்சுக்கிறாங்க. பதினாறு வயசுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனா நல்ல வாய்ப்பு இருக்கு. ரெண்டு, ரெண்டரை வருஷம் நடுவுல நிறுத்தாம மருந்து எடுக்கணும். அதுதான் முக்கியம்."

இதில் பரம்பரை இல்லை என்று சொன்னது என் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் காபியை வைத்துக்கொண்டு நான்தான் சட்டம் போட்டேன். "வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. கேட்டா டைபாய்டு, அப்புறம் மஞ்சள் காமாலைன்னு சொல்லிக்கலாம்." தங்கை வீட்டுக்காரர், "அக்கா சொல்றதுதான் சரி. நாளைக்குக் குட்டிக்கும் கல்யாணம் ஆகணுமே" என்றார். தங்கை ஒன்றும் பேசவில்லை.

குட்டி எங்கள் வீட்டோடு தங்கினாள். தங்கைக்கு ஊரில் பள்ளிக்கூடம் போகிற பையன் இருந்தான். அவள் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. ஆஸ்பத்திரிக்குத் துணை பெரும்பாலும் நான்தான்.

முதல் மாதம் மிகவும் கடுமை. வாரம் ஒரு மருந்து நரம்பில் ஏறும். சிவப்பாக ஒரு மருந்து உண்டு, அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. முதுகுத்தண்டில் ஊசி போட்ட நாட்களில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருப்பாள். ஸ்டீராய்டு மாத்திரை வந்ததும் ஒரு அகோரப் பசி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, "பெரியம்மா, இட்லி" என்பாள். அந்நேரத்தில் அடுப்பைப் பற்ற வைத்து நாலு இட்லி வேகவைத்துக் கொடுப்பேன். அவள் சாப்பிடுவதைப் பார்க்க ஆசையாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும். மூன்றாவது வாரம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. மழித்துவிடச் சொல்லி அவளே கேட்டாள். இடுப்பு வரைக்கும் பின்னல் போட்ட பெண்.

அக்கம்பக்கத்தில் டைபாய்டு என்றோம். சொந்தக்காரர்கள் போன் பண்ணினால், "இப்ப பரவாயில்லை, தேறிட்டா" என்போம். வீட்டுக்கு வருகிறோம் என்றால் ஊரில் இல்லை என்போம். பொய் சொல்வதே ஒரு வேலையாகிவிட்டது.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். முதல் நாள் ராத்திரி குட்டியிடம் மெதுவாகச் சொன்னேன். "நாளைக்குக் கூட்டமா இருக்கும்டா கண்ணு. உனக்குத் தொற்று ஏதும் வந்துடக் கூடாது. பின்கட்டு ரூம்லயே இருந்துக்கறியா? கதவைச் சாத்திக்கோ." காரணம் உண்மைதான். கூட்டத்தில் அவள் இருக்கக் கூடாதுதான். ஆனால் நான் சொன்னது அதற்காக அல்ல என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "சரி பெரியம்மா. நான் இருமினா வெளியில கேட்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்தவர்களுக்குச் சொஜ்ஜி, பஜ்ஜி, காபி எல்லாம் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் பின்கட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர்கள் போன பிறகு கதவைத் திறந்தால், குட்டி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். இருமலை அடக்கி அடக்கிக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று. "புரட்டாசி போகட்டும், ஐப்பசியில் தட்டு மாற்றிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 24, திங்கட்கிழமை. அடுத்த கட்ட மருந்து ஏறி, குட்டிக்கு அணுக்கள் எல்லாம் இறங்கியிருந்த நேரம். வெள்ளிக்கிழமை 101 டிகிரி காய்ச்சல். உடனே சேர்த்தோம். சனிக்கிழமை சாயங்காலம் மூக்கிலிருந்து ரத்தம் வரத் தொடங்கியது, நிற்கவில்லை. பிளேட்லெட் 8,000.

"உடனே பிளேட்லெட் ஏத்தணும். ரத்த வங்கியில இருப்பு இல்லை. கொடுக்கறவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அப்போதுதான் தெரிந்துகொண்டேன், ரத்தத்தை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாம், ஆனால் பிளேட்லெட் ஐந்தே நாள்தான் தாங்கும். தீபாவளிக்கு ஊரே சொந்த ஊர் கிளம்பிவிட்ட நேரத்தில் இருப்பு எப்படி இருக்கும்?

குட்டிக்கு பி பாசிட்டிவ். அபூர்வமான வகை கூட இல்லை. என் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், அவரிடம் எடுக்க மாட்டார்கள். தங்கை வீட்டுக்காரருக்கு வேறு வகை. தங்கைக்கே ரத்தசோகை. என் மகளுக்கு அதே வகைதான். ஓடிப்போய்ப் படுத்தாள். எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

தங்கை வீட்டுக்காரர் ஆபீஸ் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டார். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "பொண்ணுக்கு டெங்கு" என்றார். அந்த மனிதர் நல்லவர்தான். "டெங்குன்னா தானாவே ஏறிடும்னு சொல்றாங்களே. தீபாவளி முடிஞ்சு வரட்டுமா?" என்று கேட்டார். இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இதற்குள் என் மகள் வராந்தாவில் நின்றுகொண்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டாள். "குட்டிக்கு ரத்தப் புற்றுநோய். மூணு மாசமா மறைச்சுட்டோம். மன்னிச்சுக்குங்க. இன்னிக்கு ராத்திரியே பி பாசிட்டிவ் பிளேட்லெட் வேணும். முடிஞ்சவங்க வாங்க."

பார்த்ததும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. அந்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், கையை ஓங்கிவிட்டேன். "உன் வாழ்க்கையை நீயே கெடுத்துக்கிட்டியேடி!" என்றேன். அவள் நகரவில்லை. "இதுக்காக வேண்டாம்னு போறவங்க போகட்டும்மா. உள்ளே அவ மூக்குல பஞ்சை வச்சுக்கிட்டுப் படுத்திருக்கா" என்றாள். ஓங்கிய கை தானாக இறங்கியது.

முதலில் வந்தது யார் தெரியுமா? என் நாத்தனார் மகன். பூர்வீக வீட்டுப் பங்குத் தகராறில் ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. அந்தப் பையன் தாம்பரத்திலிருந்து மழையில் பைக்கில் நனைந்துகொண்டே வந்து, "மாமி, எங்க படுக்கணும்?" என்று கேட்டான். பரிசோதனை எல்லாம் முடிந்து மெஷினில் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தான். விடிகாலை மூன்று மணிக்குப் பழச்சாறு மாதிரி மஞ்சளாக ஒரு பை குட்டியின் கையில் ஏறத் தொடங்கியது. பொழுது விடிவதற்குள் இன்னும் ஏழு பேர் வாசலில் நின்றார்கள். மூக்கில் ரத்தம் நின்றது.

தீபாவளியன்று நாத்தனார் ஒரு டப்பாவில் லேகியமும், தூக்கில் மிளகு ரசமும் எடுத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கிட்டயே மறைச்சுட்டீங்களே அண்ணி. நான் என்ன அவ்வளவு அந்நியமாப் போயிட்டேனா?" என்று கேட்டு அழுதாள். பங்குத் தகராறு இன்னும் தீரவில்லை. ஆனால் அன்றிலிருந்து பேச்சு நிற்கவில்லை.

பையன் வீட்டார் ஒரு வாரம் கழித்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இருந்தது. என் மகள் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

விஷயம் வெளியில் தெரிந்த பிறகு உதவியோடு உபதேசமும் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா நித்யகல்யாணி இலையைக் கொத்தாகப் பறித்துக்கொண்டு வந்தார். "ஆஸ்பத்திரியில போடற மருந்தே இதிலேருந்துதானே எடுக்கறாங்க. கஷாயமாவே கொடுத்துடு" என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அவங்க சொன்னதுல பாதி நிஜம். வாராவாரம் குட்டிக்கு ஏத்தற வின்கிரிஸ்டின் நித்யகல்யாணியிலேருந்துதான் வருது. 1960-கள்லேருந்து இருக்கற மருந்து. ஆனா மலை மாதிரி இலையைக் குவிச்சுப் பிரிச்சாத்தான் துளி மருந்து கிடைக்கும். அந்தத் துளியையும் அவ உயரம், எடை பார்த்து அளந்து, நரம்புல மட்டும் ஏத்தறோம். இலையில வேற விஷமும் இருக்கு. கஷாயம் வச்சுக் குடிச்சா உயிருக்கே ஆபத்து" என்றார். முதுகில் போடும் மெதோட்ரெக்சேட் மருந்தைப் பற்றியும் சொன்னார். 1940-களில் அமெரிக்காவில் அதை உருவாக்கிய ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவாம். குட்டிக்கு அதைக் கேட்டு ஒரே பெருமை.

இன்னொன்றும் அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தை அவர் பூட்டி வைக்கவில்லை. பல வருஷம் பாடுபட்டு, 1954-ல் அடையாறில் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்கா அப்படி. 2022-ல் நான் ஒரு அக்கா, தங்கை மகளைக் கதவைச் சாத்தி வைத்தேன்.

சகோதரிகளே, யார் வீட்டுக்கும் இந்தக் கஷ்டம் வர வேண்டாம். வந்தால் உதவட்டும் என்று, நான் கற்றுக்கொண்ட சிலதைச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதல். இது அதற்குப் பின்னால்தான்.

வீட்டில் தெர்மாமீட்டர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 100.4 டிகிரி தொட்டுவிட்டால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை மணி.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தேன். அப்போதைக்கப்போது சமைத்ததையே சூடாகப் போட்டேன். பழைய குழம்பு, கடைச் சட்னி, பச்சைக் காய்கறி கிடையாது. பழம் என்றால் தடித்த தோல் உள்ளதைக் கழுவி, நான் உரித்துக் கொடுப்பேன். வாயில் புண் வந்தபோது மிளகாய், புளி நிறுத்தி, குழைந்த சாதம், இடியாப்பம் பால், ஆற வைத்த கஞ்சி. டாக்டர் சொன்னபடி உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் அடிக்கடி வாய் கொப்பளிக்க வைத்தேன். பல் தேய்க்க மிருதுவான பிரஷ்.

வயசுப் பெண்ணாக இருந்தால் மாதவிலக்கைப் பற்றி டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். பிளேட்லெட் குறைவாக இருக்கும் மாதங்களில் ரத்தப்போக்கை நிறுத்தி வைக்க குட்டிக்கு மாத்திரை கொடுத்தார்கள். நாங்கள் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு மாதத்தை வீணடித்தோம்.

காலும் தாடையும் வலிக்கிறது, மலம் போகவில்லை, நடக்கும்போது பாதம் தொய்கிறது என்று பிள்ளை சொன்னால் மருந்தின் வேலையாக இருக்கலாம். பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் அடுத்த தரம் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கென்று படிவம் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றியும் முதல் நாளே விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் கொடுக்கக் கூடியவர்களின் பெயர், வகை, போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எழுத வேண்டுமானால் நாலு பேருக்கு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முக்கியமாக, பிள்ளைக்கே சொல்லிவிடுங்கள். குட்டிக்கு நாங்கள் சொல்வதற்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் மறைத்ததால் அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: தனக்கு வந்திருப்பது வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று. அதைக் களைய எனக்கு மருந்தை விட அதிக நாள் பிடித்தது.

2023 ஆவணியில் என் மகளுக்கு இன்னொரு இடம் வந்தது. அப்போது குட்டி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் கட்டத்துக்கு வந்துவிட்டாள். தலையில் சுருட்டைச் சுருட்டையாகக் கிராப் வளர்ந்திருந்தது. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவளையும் கூடத்தில் உட்கார வைத்தேன். வந்தவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "இவ என் தங்கை மகள். ரத்தப் புற்றுநோய் வந்து சிகிச்சை நடக்குது. எங்க வீட்டோடதான் இருக்கா." கூடம் ஒரு நிமிஷம் அமைதியாக இருந்தது. பையனின் அம்மா குட்டியின் பக்கம் திரும்பி, "ராத்திரி மாத்திரையாம்மா? வெறும் வயித்துல போடறியா?" என்று கேட்டார். அவருடைய தம்பிக்கும் பல வருஷத்துக்கு முன்னால் வந்ததாம். அந்தக் காலத்தில் அவர்களும் மறைத்தார்களாம். தம்பி இல்லை இப்போது. 2024 தையில் கல்யாணம் நடந்தது. அந்த அம்மாதான் இன்றைக்கு என் சம்பந்தி.

அதே வருஷம் டிசம்பரில் குட்டியின் சிகிச்சை முடிந்தது. 2025-ல் பிளஸ் டூ எழுதி, பி.காம். சேர்ந்தாள். குறித்த தேதிக்குப் பரிசோதனைக்குப் போகிறோம். ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் வரும் வரைக்கும் எனக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்கிறது. அதை யாரிடமும் மறைப்பதில்லை.

பெண் பார்க்க வந்த அந்த நாளைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். காபி எல்லாம் முடிந்து, பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். குட்டி கூடத்தின் நடுவில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, வேண்டுமென்றே, நன்றாகச் சத்தமாக ஒரு தரம் இருமினாள்.

எல்லோருக்கும் கேட்டது.